படுதாவுக்குள் காற்று

வன்னியபெருமாள் அண்ணாச்சியைப் பார்த்து யாரும் 'சௌக்கியமா' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தன் சௌக்கியத்தை விட்டுவிட்டுக் காரின் சௌக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"அவளுக்கு என்ன கொறை? நேத்து ஓட்டப்பிடாரம் போயிட்டு வந்தா. ஒரு இருமல் கெடையாது. தொட்டா போதும், ஏன்னு கேக்கா. ஆறு சிலிண்டருன்னா சும்மாவா?"

'அவள்' என்றால் கார். வீட்டுக்காரி சண்முகவடிவு மதினியை அவர் அப்படி ஆசையாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மதினிக்கு இதில் உள்ளூர வருத்தம். தெருவுக்குச் சிரிப்பு.

நான் சொல்வது நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால் கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. துணிக்கூரை, பக்கத்துக்கு ஒன்றாகப் படுதா, படுதாவை இழுத்து மாட்டப் பித்தளைப் பொத்தான்கள். அண்ணாச்சி கருப்பட்டி மண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வாடகைக் கார்க்காரர் ஆகிவிட்டார். மண்டியில் உட்கார்ந்திருந்தால் ராஜா மாதிரி இருந்திருக்கலாம். சொன்னால் கேட்கிற ஆளா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியைப் பற்றி அவர் பொய் சொன்னதே இல்லை. ஊரில் இருந்த மற்ற வாடகை வண்டிகள் எல்லாம் நாலு சிலிண்டர். குளத்தூர் தாண்டுவதற்குள் கொதித்து, ஆவி விட்டு, உடைமர நிழலில் நின்றுவிடும். கூப்பன் பெட்ரோல் பற்றாமல் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிய காலம் அது; எந்த வண்டியில் ஏறினாலும் புகை நாற்றம் அடிக்கும். அந்தக் கலவையையும் குடித்துவிட்டு இவருடைய வண்டி மட்டும் ஓடியது. நாலு வருஷத்தில் வழியில் ஒரு நாள் நின்றது கிடையாது. நானே அதில் எட்டுத் தடவை போயிருக்கிறேன்.

இஞ்சினை எதுவும் செய்ய முடியாத உப்புக் காற்று, கீழே ஓடுகிற புகைக்குழாயைத் தின்றுவிட்டது. உப்பளத்து ஓரமாகவே போய்வரும் ரோடு. குழாய் துருப்பிடித்து, பின்சீட்டுக்கு நேர் அடியில் ஓட்டை விழுந்தது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே படபடவென்று சத்தம் வரும். அண்ணாச்சிக்கு மானம் போயிற்று. புதுக் குழாய் கப்பலில் வரவேண்டும். கப்பலிலோ குண்டும் துப்பாக்கியும்தான் வந்துகொண்டிருந்தன.

அதனால் மரியானைக் கூப்பிட்டார். மரியானுக்குத் தோணித்துறையில் கலப்பத்து வேலை. தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சும் கயிறும் திணித்து, எண்ணெயில் குழைத்த சுண்ணாம்பைப் பூசி, தண்ணீர் ஏறாமல் அடைப்பதற்குப் பெயர் கலப்பத்து. அவன் கை பட்ட தோணி கொழும்புக்குப் போய்வந்தாலும் அடிப்பலகை நனையாது என்பார்கள்.

மரியான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, செம்புத் தகடு வெட்டி வைத்து, கம்பி சுற்றி, சுண்ணாம்பு பூசி, வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது அண்ணாச்சி."

"ஏலே, தண்ணி ஏறுததுக்கா அடைக்கச் சொன்னேன்? சத்தம் வெளிய வரப்பிடாதுலே."

"தண்ணியே வராதுங்கேன், சத்தம் எங்கன வரும்?"

நாங்கள் சிரித்தோம். அவன் சொன்ன மாதிரியே சத்தம் நின்றுவிட்டது. வண்டி பூனை நடக்கிற மாதிரிப் போயிற்று. அண்ணாச்சி அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் பதனீர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏறுகிறவர்கள் தூங்க ஆரம்பித்தார்கள்.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் அரை மணியில் சாய்ந்துவிடுவார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பின்னால் இருந்த நாலு பேரும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டித்தான் எழுப்பினார்கள். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாலு சிலிண்டருன்னா குலுக்கி எலும்பை எண்ணிரும். இது தொட்டிலு. தொட்டில்ல போட்டா தூங்காம என்ன செய்வான்?"

நாசரேத்துக்காரி ஜீவமணி டீச்சர் ஒரு மழை நாளில் வேம்பாரிலிருந்து வந்தார். படிப்பாளி, பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். இறங்கும்போது கண்ணெல்லாம் நீர். "எங்க அப்பா பக்கத்துல உக்காந்து பைபிள்ல சங்கீதம் வாசிச்சுக்கிட்டே வந்தாங்க" என்றார். அப்பா போய்ப் பதினோரு வருஷம். இரண்டு நாள் தலைவலி என்று பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

அப்புறம் கோழி. ஒரு வியாபாரி பன்னிரண்டு கோழியைக் கூடையில் கட்டிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தார். சந்தையில் கூடையைப் பிரித்தால் பன்னிரண்டும் செத்துக் கிடந்தன. ஒரு இறகு கலையவில்லை. கொண்டைகள் மட்டும் செக்கச் சிவப்பாக இருந்தன.

"வெக்கை" என்றார் அண்ணாச்சி.

தெரு வேறு சொன்னது. எங்கள் ஊரில் கடலிலிருந்து வருவதும் காத்து, ஆளைப் பிடிப்பதும் காத்து. எதைச் சொல்கிறார்கள் என்பது சொல்கிறவர் குரல் தாழ்வதில் தெரியும். "அந்த வண்டியில காத்து இருக்கு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். எனக்கு மட்டும் என்ன புத்தி வாழ்ந்தது?

ஆனி மாசம் பிறந்தது. அண்ணாச்சியின் ஒரே மகள் செண்பகத்தை வேம்பாரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாசம். ஆடி பிறந்தால் கூட்டிவரக் கூடாது. அதற்குள் போய் அழைத்துவர வேண்டும். மதினி ஒரே பிடியாக நின்றாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அவர்கள் பேசுவதைக் கேட்காதிருக்க நாங்கள்தான் முயற்சி செய்ய வேண்டும்.

"அந்த வண்டியில எம்பிள்ளையை ஏத்தமாட்டேன்."

"ஏளா, பைத்தியமா ஒனக்கு? பின்ன எதுல கூட்டியாரணும்? மாட்டுவண்டியிலயா? முப்பத்தஞ்சு மைலு. குலுக்குத குலுக்குல வழியிலயே பெத்துருவா."

"பஸ்ல வரட்டும்."

"பஸ்ஸு! கரியில ஓடுத பஸ்ஸு. திங்கக்கெழமை கெளம்புனா என்னைக்கு வந்து சேரும்னு கண்டக்டருக்கே தெரியாது. வயித்துப் பிள்ளைக்காரியை உப்பளத்துல எறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லுவான்."

"நான் பாத்தேனே, அதுக்கு என்ன சொல்லுதிய?"

"என்னத்தப் பாத்த?"

"போன மாசம் ஓட்டப்பிடாரம் கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது, ஒங்க பக்கத்துச் சீட்டுல எந்தம்பி ஆவுடையப்பன் உக்காந்திருந்தான். திரும்பி என்னைப் பாத்து, 'யக்கா, ஒறங்கு'ன்னு சொன்னான்."

ஆவுடையப்பன் மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போனவன். அண்ணாச்சி சிரிப்பது கேட்டது.

"மச்சான் உயிரோட இருக்கும்போது ஓசியில ஏறுவான். இப்பமும் ஏறுதானா?"

மதினி அழுதாள். அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. உடனே குரல் மாறிவிட்டது.

"வடிவு, இங்க பாரு. எனக்கும் அவ ஒரே பிள்ளதான? இந்த இஞ்சினு ஒரு நாளு என்னைக் கைவிட்டது கெடையாது. ரெண்டு மணி நேரத்துல மடியில வச்சமாதிரிக் கொண்டுவந்து சேக்கேன். நீயும் கூட வா. பின்னால அவகூட உக்காந்துக்கோ. சரியா?"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதில்தான் மதினி இளகியிருக்க வேண்டும்.

ஆனி இருபத்தாறாம் தேதி காலையில் கிளம்பினார்கள். முந்திரிக்கொத்து ஒரு டின், நுங்கு, பூ, சம்பந்தி வீட்டுக்குக் கருப்பட்டி. படுதா எல்லாம் சுருட்டிக் கட்டியிருந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று வண்டிக்குள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. மதினி தலையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். தூக்கம் வரவில்லை, யாரும் வரவில்லை. வேம்பாரில் இறங்கியதும், "ஒண்ணுமில்லதான்" என்று புருஷனைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாளாம்.

சம்பந்தியம்மாள் பேச்சி, சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு உப்பளத்தில் உப்பு வாரும் காலம், வர முடியவில்லை. சாப்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, மருமகளை ஏற்றும்போது பேச்சி வானத்தைப் பார்த்தாள். மணல் பறந்துகொண்டிருந்தது.

"சம்பந்தி, படுதாவை எறக்கி விட்டுருங்க. உச்சிப்பொழுது. வைப்பாத்துல எறங்கி ஏறணும். நெறமாசக்காரி மேல காத்துப் படப்பிடாது."

எந்தக் காத்து என்று யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். மதினியும் "ஆமா, அடைச்சிருங்க" என்றாள். அண்ணாச்சி சுற்றி வந்து ஒவ்வொரு பொத்தானாக மாட்டி, இடைவெளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். முன்பக்கம் மட்டும் கை நீட்டுவதற்குத் திறந்து வைத்துக்கொண்டார்.

"செண்பகம், வழியில தெறந்துராத, கேட்டியா?" என்று பேச்சி இரண்டு தடவை சொன்னாள்.

வைப்பாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் வண்டி புதையாமல் இருக்கப் பனையோலை பரப்பித் தடம் போட்டிருந்தார்கள். அதில் முதல் கியரில் ஊர்ந்துதான் போக வேண்டும். இஞ்சினுக்கு அங்கேதான் பாடு அதிகம். அண்ணாச்சி காதைக் கொடுத்துக் கேட்டார். ஆறும் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் பின்னால் மதினி யாரோடோ பேசுவது கேட்டது.

"ஏன் வெயில்ல நிக்க? ஏறிக்கோ. எடம் இருக்குய்யா, ஏறிக்கோ."

மகளிடம் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தார். அப்படித்தான் பிறகு எங்களிடம் சொன்னார். அவருக்கும் தலை லேசாகக் கனத்தது. வெயில் என்று துண்டைச் சுற்றிக்கொண்டார். அக்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்தார். மதினி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். செண்பகம் தன் பக்கத்துப் படுதாவில் தலையை முட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குளத்தூரில் வழக்கமாக நிறுத்தி வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். தூக்கம் கலைய வேண்டாமென்று நிறுத்தவில்லை. குழி கண்ட இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஓரம் பார்த்து, அவ்வளவு பதவிசாக அவர் ஓட்டியதே கிடையாதாம்.

மூன்று மணிக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. என் வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு நின்றாள். நாலைந்து பெண்கள் கூட இருந்தார்கள். அண்ணாச்சி இறங்கி, விரலை உதட்டில் வைத்து, "மெதுவா, ஒறங்குதாவ" என்று சொல்லிவிட்டுப் படுதாவைத் திறந்தார்.

மதினியின் முகத்தைப் பார்த்து, "ஏ யாத்தா, மகளைக் கண்டதும் நெறத்தப் பாரேன்" என்று ஒரு பெண் சொன்னாள். நிஜமாகவே அப்படி இருந்தது. கன்னமும் உதடும் சிவந்து, பதினெட்டு வயசுப் பெண்ணுடையதைப் போல இருந்தன. என் வீட்டுக்காரிதான் கையைத் தொட்டாள். தொட்டவள் தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

செண்பகத்துக்கு உயிர் இருந்தது. வாந்தி எடுத்திருந்தாள். தூக்கிக்கொண்டு போய்க் காற்றோட்டமாகப் படுக்கவைத்த பிறகு, வெகுநேரம் கழித்துக் கண் விழித்தாள். அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊர் கூடிவிட்டது. டாக்டர் இருதயம் என்றார். ஊருக்கு அது போதவில்லை. கோழியைக் கேட்டது, இப்போது ஆளைக் கேட்டுவிட்டது, அடுத்து வயிற்றுப் பிள்ளையைக் கேட்கும் என்றார்கள். மதினியை எரித்து நாலாம் நாள், வண்டியைக் கடலில் தள்ளவேண்டும் என்று ஒரு கூட்டமே வந்தது. அண்ணாச்சி வாசற்கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மரியான் வந்தான். துக்கம் கேட்டுவிட்டுப் போகாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுதியளா?"

"எதுக்குலே?"

"பண்ணுங்க. படுதா அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும்."

தொட்டதும் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுத் துக்கம் எதுவும் அதற்குத் தெரியவில்லை. மரியான் பின்னால் ஏறி, காலடிப் பலகையைப் பெயர்த்து, குனிந்தான். குனிந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே விழுந்தான்.

"அணைங்க அண்ணாச்சி! அணைங்க!"

அணைத்தார். மரியான் மண்ணில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

"காத்துதான் அண்ணாச்சி."

"நீயுமாலே?"

"ஊர் சொல்லுத காத்து இல்ல. பொகைக்காத்து. மாசக்கணக்கா மூடிக் கெடந்த தோணிக்குள்ள எறங்குன ஆளு, ஏறாமலே செத்ததக் கண்ணால கண்டிருக்கேன். அந்தமாதிரிக் கெட்ட காத்து. இந்த எடத்துல பாருங்க." குழாயைக் காட்டினான். "நான் அடிப்பக்கத்தத்தான் அடைச்சேன். ரெண்டு தகடு வச்சு அடைச்சேன். மேல்பக்கம் கையும் எட்டல, அங்கன ஓட்டை இருக்குமின்னு நெனைக்கவும் இல்ல. தோணியில கீழதான பாப்போம்? தண்ணி கீழருந்துதான வரும்? மேல தொறந்துதான கெடக்கும்? மாதாவே, கீழ போயிக்கிட்டிருந்த பொகையெல்லாத்தையும் நான்தான் உள்ள ஏத்திவிட்டுட்டேன்."

அண்ணாச்சி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணக் கோஷ்டி, டீச்சர், பன்னிரண்டு கோழி எல்லாம் வரிசையாக அவருக்குள் வந்து நிற்பது முகத்தில் தெரிந்தது. பேய் என்று நம்பியிருந்தபோதுகூட அந்த வண்டி எனக்கு இவ்வளவு பயம் தரவில்லை.

மரியான் அவர் காலைப் பிடித்தான். "அண்ணாச்சி, ஊரு பேயுன்னுதான சொல்லுது? அப்படியே இருந்துட்டுப் போட்டும். நமக்குள்ள இருக்கட்டும். எனக்கும் பிள்ளைக இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி" என்றார்.

வீட்டுக்குள் செண்பகம் இருந்த அறையில் சன்னல் இரண்டும் சாத்தி, இடுக்குகளில் பழஞ்சேலையைக் கிழித்துத் திணித்திருந்தது. அவளே திணித்தது. ஐந்து நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. "பிள்ளை அசையுது. தாய் திங்காட்டா எத்தனை நாளைக்கு அசையும்?" என்று மருத்துவச்சி செல்லக்கனி காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அண்ணாச்சி தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு நடந்ததைச் செண்பகம் பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"சாப்பிடும்மா."

"கதவச் சாத்துங்கப்பா. காத்து வருது."

சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மைய நான்தான் கொன்னேன்."

"என்ன பேசுத?"

"வைப்பாத்துக்குள்ள வரும்போது கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அம்மா கண்ண மூடியிருந்தா. அவளுக்குத் தெரியாம என் பக்கத்துப் பொத்தான் ரெண்டைக் கழத்தி மூஞ்சிய வெளிய நீட்டுனேன். அத்தை படிச்சுப் படிச்சுச் சொன்னாவ, தெறக்காத தெறக்காதன்னு. நான் தெறந்த வழியாத்தான் அது உள்ள வந்திருக்கு. எனக்குன்னு வந்தது, ஆளு மாறி அம்மையப் புடிச்சிருச்சு. இனி இதுக்கு வரும்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வெளியில் மரியானிடம் சொன்ன 'சரி' அவர் வாயில் இன்னும் காயவில்லை. அவர் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். ஊரே அவருக்குப் பக்கபலமாக இருந்தது.

"நீ தெறந்த வழியா ஒண்ணும் உள்ள வரல தாயி" என்றார். "உள்ள கெடந்தது கொஞ்சம் வெளிய போச்சு. அதனாலதான் நீ இருக்க. அதனாலதான் வயித்துல உள்ளதும் இருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழாய், ஓட்டை, தகடு, தூங்கினவர்கள். எதையும் விடவில்லை.

"கோழி செத்தன்னைக்கே பலகையத் தூக்கிப் பாத்திருக்கணும். பாக்கல. உங்கம்மை எத்தனையோ சொன்னா. நான் சிரிச்சேன். அத்தனை பொத்தானையும் இந்தக் கையாலதான் மாட்டினேன். மரியான் மேல தப்பில்ல. வண்டிக்காரன் நான்."

செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்துக்குள்ள அம்மா ஆவுடையப்பன் மாமாவக் கூப்பிட்டாளே, 'ஏறிக்கோ, ஏறிக்கோ'ன்னு. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீங்க ஏம்ப்பா வண்டிய நிறுத்தல?"

அண்ணாச்சி யோசித்துத்தான் சொன்னார்.

"நல்லா ஓடுச்சு தாயி. அதான் நிறுத்தல."

செண்பகம் தன் கையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். தட்டைப் பக்கத்தில் இழுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தாள்.